நான்கு மொழி புழங்கும் தெருவும் நம் மூளையும்

நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் கூடும் இடத்தில் இப்போதெல்லாம் சர்க்கரை, கொழுப்புக்கு அடுத்தபடியாக அடிபடுவது மறதிதான். வண்டிச் சாவி வைத்த இடம் தெரியவில்லை, எதிரில் நிற்பவர் பெயர் வாயில் வரவில்லை, ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று யோசிக்கிறேன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கூடவே மருந்தும் வரும். வல்லாரைக் கீரை, ஊற வைத்த பாதாம், சுடோகு, செல்போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு.

எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால் மூளை வேலை செய்யும் விதத்துக்கும் நம் அன்றாடத் திறமைக்கும் என்ன தொடர்பு என்று கொஞ்ச காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு தெரு அந்தப் படிப்புக்குள் வந்துகொண்டே இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் ஜூ டவுன். அந்தத் தெருவையும் அந்த ஆராய்ச்சிகளையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். வீட்டில் ஏலக்காய் வியாபாரம். மிளகு, சுக்கு, ஜாதிக்காய் சரக்குக்காகக் கொச்சிக்குப் போய்வருவது அப்பா காலத்து வழக்கம். அவருக்குப் பிறகு நான் போகிறேன்.

தெருவைப் பற்றிக் கொஞ்சம்

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி நடந்தால் ஜூ டவுன் வந்துவிடும். தெருவின் கோடியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம். பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டு. அந்த மணிக்கூண்டின் ஒரு முகத்தில் மணியை எபிரேய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஒன்றில் மலையாள எண், ஒன்றில் ரோமன் எண். ஒரே கடிகாரம், பார்ப்பவருக்கு ஏற்ற எழுத்து. இந்தத் தெருவில் யார் யார் நடந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

யூதக் குடும்பங்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகள் இன்று பழம்பொருள் கடைகளாகவும் காஷ்மீர் வியாபாரிகளின் சால்வைக் கடைகளாகவும் இருக்கின்றன. ஆனால் மட்டாஞ்சேரியின் மொழிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. செர்லாய் பக்கம் போனால் கொங்கணி. போர்த்துகீசியர் காலத்தில் கோவாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், இன்றும் வீட்டில் கொங்கணிதான் பேசுகிறார்கள். குஜராத்தி ரோட்டில் குஜராத்தி. கச்சி மேமன் வீடுகளில் கச்சி. தக்கினி முஸ்லிம்கள் வீட்டில் உருது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்திலுள்ள தோபி கானாவுக்குப் போனால் நம் தமிழ். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் முன்னோரைக் கொண்டுவந்தார்கள் என்று அங்குள்ள வண்ணார் குடும்பங்கள் சொல்கின்றன. இத்தனை தலைமுறை கடந்தும் அவர்கள் வீட்டுப் பேச்சு தமிழ். வெளியே வந்தால் எல்லோருக்கும் மலையாளம்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. மலபாரின் செடிகொடிகளை விவரிக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அந்த வேலை நடந்தது கொச்சியில். டச்சு ஆளுநர் வான் ரீட் முன்னின்று நடத்தினார். இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் மலையாளத்தில் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் கூட இருந்தார்கள். சொன்னது போர்த்துகீசியத்துக்கும் டச்சுக்கும் போய், கடைசியில் லத்தீனில் நூலானது. ஒருவர் தலையிலிருந்த அறிவு இன்னொருவர் தலைக்குப் போக இத்தனை மொழிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

ஒரு மிளகுக் கடையில்

ஜூ டவுனில் நான் வழக்கமாகச் சரக்குப் பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் எழுபதைத் தாண்டிய குஜராத்திக்காரர். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். ஒருநாள் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். சாக்கிலிருந்து ஒரு கை மிளகை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி, ஊதித் தூசியைப் பறக்கவிட்டு, ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். அதற்குள் லோடுமேன் வாசலில் வந்து மூட்டையை எங்கே இறக்குவது என்று கேட்க, மலையாளத்தில் பதில் சொன்னார். போன் அடித்தது. எடுத்துக் குஜராத்தியில் பேசினார். டெல்லிப் பக்கத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஏலக்காய் டப்பாவைக் காட்டி விலை கேட்டார்கள். இந்தியில் சொல்லி, பத்து ரூபாய் குறைத்தும் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி, போடில மழை உண்டா? காய் எப்படி?" என்றார். எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள்.

"எந்தப் பாஷையில யோசிப்பீங்க சேட்?" என்று கேட்டேன்.

"அது எதிர்ல இருக்கற ஆளைப் பொறுத்து. கணக்கு மட்டும் எப்பவும் குஜராத்திதான் தம்பி. வாய்ப்பாடு அப்படித்தானே படிச்சேன்."

இந்தப் பதிலின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடைசியில் சொல்கிறேன்.

அவர் தலைக்குள் அந்தச் சில நிமிடங்களில் நடந்தது சாதாரண வேலை அல்ல. இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்றது தூங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் விழித்துத்தான் இருக்கின்றன. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1999-ல் ஸ்பைவி, மரியன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்னால் சில பொருள்கள். ஆங்கிலத்தில் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால், ரஷ்ய மொழியில் அதே ஒலியில் பெயர் தொடங்கும் வேறொரு பொருளின் பக்கமும் அவர்கள் கண் போய்வந்தது. கேட்டது ஒரு மொழி, எழுந்து வந்தது இரண்டு.

அப்படியானால் பேசும் ஒவ்வொரு முறையும் வேண்டாத மொழியை அடக்கி வைக்க வேண்டும், எதிரில் இருப்பவர் யார் என்று கவனிக்க வேண்டும், ஆள் மாறியதும் மாற வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி, அதற்கு உள்ளே தள்ளி இருக்கும் முன் சிங்குலேட் புறணி, மூளையின் ஆழத்திலுள்ள காடேட் அணுத்திரள் எல்லாம் சேர்ந்து இந்த வேலையைப் பார்க்கின்றன. கவனத்தைத் திருப்புவது, அவசரத்தில் தவறான பதிலைச் சொல்லாமல் தடுப்பது போன்ற வேலைகளிலும் ஈடுபடும் பகுதிகள் இவை. மட்டாஞ்சேரிக் கடைக்காரருக்கு இந்த வேலை காலை கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை. நாற்பது, ஐம்பது வருஷமாக.

சேதமடைந்த மூளை, தெளிவான புத்தி

இதனால் வயதான காலத்தில் ஏதாவது பலன் உண்டா? அதற்குப் பதில் தேட, முதலில் 1988-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ராபர்ட் காட்ஸ்மன் என்ற நரம்பியல் நிபுணரின் குழு, முதியோர் இல்லத்தில் இறந்த 137 பேரின் மூளையைப் பரிசோதித்தது. அவர்களில் 10 பேர் விசித்திரமானவர்கள். மூளையில் அல்சைமர் நோய்க்குரிய படிவங்கள் இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தவரை நினைவும் புத்தியும் நன்றாகவே இருந்தன. அவர்கள் மூளை மற்றவர்களுடையதைவிட எடை கூடியதாகவும் இருந்தது.

1986 முதல் டேவிட் ஸ்னோடன் நடத்திய கன்னியாஸ்திரீகள் ஆய்விலும் இதே கதை. 678 பேர் அதில் சேர்ந்து, இறந்தபின் மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். சிஸ்டர் மேரி என்று ஆய்வில் குறிப்பிடப்படும் ஒருவர் 101 வயதில் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு வரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால் நோயின் அடையாளங்கள் நிறைய. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் மடத்தில் சேர்ந்த புதிதில், இருபதுகளின் தொடக்கத்தில், தங்களைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளில் கருத்துச் செறிவு குறைவாக இருந்தவர்களுக்கே பிற்காலத்தில் மறதிநோய் அதிகம் வந்திருந்தது.

மூளையின் நிலைமையும் ஆளின் திறமையும் அப்படியே ஒன்றுக்கொன்று சமம் இல்லை என்பதுதான் இதன் பொருள். நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை அறிதிறன் சேமிப்பு என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்துவிட்டால் கம்பம்மெட்டு வழியும் குமுளி வழியும் தெரிந்தவர் எப்படியும் மலையேறிவிடுவார். ஒரே வழி தெரிந்தவர் நின்றுவிடுவார். மண் சரிந்தது இருவருக்கும் பொதுதான்.

படிப்பு, மூளைக்கு வேலை கொடுக்கும் தொழில், நான்கு பேரோடு பழகும் வாழ்க்கை எல்லாம் இந்தச் சேமிப்பைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. மொழிக்கும் அதில் பங்கு உண்டா?

ஹைதராபாத் தந்த பதில்

2007-ல் டொரான்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழுவினர் மறதிநோய் வந்த 184 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். இரு மொழி பேசியவர்களுக்கு நோயின் அறிகுறி சுமார் 4 ஆண்டு தாமதமாக வந்திருந்தது. உடனே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. கனடாவில் இரு மொழி பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். தாமதத்துக்குக் காரணம் மொழியா, அல்லது கடல் கடந்து வரத் துணிந்தவர்களின் உடம்பும் மனமுமா?

இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தோதான நாடு இந்தியாதான். இங்கே இரண்டாவது மொழி கற்க யாரும் கப்பலேற வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போனால் போதும். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர், எடின்பரோவின் தாமஸ் பாக்குடன் சேர்ந்து, மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்தார்கள். தெலுங்கு, தக்கினி, இந்தி, ஆங்கிலம் எல்லாம் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. 2013-ல் முடிவு வெளிவந்தது. இரு மொழி பேசியவர்களுக்கு அறிகுறி தொடங்கியது, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட 4.5 ஆண்டு கழித்து. படிப்பு, தொழில், ஆண் பெண், நகரம் கிராமம் என்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி நின்றது.

என் மனதைத் தொட்டது அடுத்த வரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த இடைவெளி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே போகாமல், சந்தையிலும் வேலைத்தலத்திலும் காதால் கேட்டு இன்னொரு மொழியைப் பிடித்துக்கொண்ட மனிதர்கள். தோபி கானாவில் துவைக்கிற தமிழரும், ஏலத்தோட்டத்தில் காயெடுக்கிற பெண்களும் இந்த வரியில் வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய மொழியறிவை நாம் யாரும் அறிவென்று மதித்ததில்லை. அது அவர்களுக்குச் சில நல்ல ஆண்டுகளைச் சேர்த்துத் தந்திருக்கலாம் என்று ஒரு மருத்துவ ஆய்வு சொல்கிறது.

அதே குழு 2016-ல் பக்கவாதம் வந்த 608 பேரைப் பற்றி எழுதியது. பக்கவாதத்துக்குப் பிறகும் அறிதிறன் சரியாக இருந்தவர்கள், இரு மொழியாளரில் சுமார் 40 சதவீதம், ஒரு மொழியாளரில் சுமார் 20 சதவீதம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத் ஆய்வில் மூன்றாவது, நான்காவது மொழிக்கு மேற்கொண்டு பலன் தெரியவில்லை. இரண்டு போதும். ஆகவே நான்கு மொழி பேசும் கடைக்காரரைப் பார்த்து யாரும் மனம் தளர வேண்டாம்.

எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியவை

இந்த முடிவுகளை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகளில் மொழியின் பலன் பளிச்சென்று தெரிகிறது. நோயில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த பல ஆய்வுகளில் அது மங்கிவிடுகிறது. இரு மொழிக் குழந்தைகளுக்குக் கவனக் கட்டுப்பாடு கூடுதல் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2019-ல் அமெரிக்காவில் 9, 10 வயதுள்ள 4,524 குழந்தைகளை ஆராய்ந்தபோது அப்படி ஒரு மேன்மை தென்படவில்லை. சாதகமான முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் பிரசுரமாகின்றன என்பதையும் 2015-ல் ஒரு குழு எடுத்துக் காட்டியது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. மூளை ஸ்கேனையும் அறிதிறன் மதிப்பெண்ணையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகளில் வழக்கமாகப் பங்கேற்பவர்கள் சுமார் 25 பேர். ஸ்காட் மாரெக் குழுவினர் ஏறக்குறைய 50,000 பேரின் தரவை வைத்துச் சோதித்து, இப்படிப்பட்ட தொடர்புகள் நம்பத்தக்க விதத்தில் தெரிய ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று காட்டினார்கள். அதாவது ஒரு ஸ்கேன் படத்தைப் பார்த்து இவர் கெட்டிக்காரர், இவர் மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் குழந்தையின் மூளையைப் படம் பிடித்து எந்தக் குரூப் எடுக்கலாம் என்று சொல்கிறோம் என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூளைக்கும் திறமைக்கும் தொடர்பு நிச்சயம் உண்டு. அது அவ்வளவு சுலபமாகப் படித்துவிடக்கூடிய தொடர்பு இல்லை.

அப்படியானால் மூளை விளையாட்டு?

ஜூ டவுனில்தான் 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இருக்கிறது. மிளகு முன்பேர வர்த்தகம் கம்ப்யூட்டருக்கு மாறும்வரை அந்தக் கூடத்தில் கூவித்தான் நடந்தது. அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே நேரத்தில் பல குரல். யார் எந்த விலைக்குக் கேட்டார், எத்தனை, எந்த மாதத்துச் சரக்கு என்பதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டே அடுத்த விலையைக் கூவ வேண்டும்.

அவ்வளவு நினைவாற்றல் உள்ளவர் வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேட மாட்டாரா? தேடுவார். 1980-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோரையும் போல 7 எண்ணில் தொடங்கியவர், ஒன்றரை வருஷத்துக்கும் மேலான பயிற்சியில் 79 எண்கள் வரை வரிசை தவறாமல் சொன்னார். எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறுதான் நின்றது. பயின்ற சரக்கில் மட்டுமே திறமை கூடியிருந்தது.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளின் கதையும் இதுவே. 2010-ல் பிரிட்டனில் 11,430 பேர் ஆறு வாரம் கம்ப்யூட்டரில் பயிற்சி எடுத்தார்கள். விளையாடிய விளையாட்டில் தேறினார்கள். விளையாடாத வேலைக்கு அந்தத் தேர்ச்சி பரவவில்லை. 2016-ல் லுமாசிட்டி விளையாட்டை விற்ற நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கை முடிக்க, அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

மொழி இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? விளையாட்டுக்கு நாம் ஒதுக்குவது கால் மணி நேரம். மொழி நாள் முழுதும் நம்மை வேலை வாங்குகிறது. அதில் நினைவு, கவனம், காது, எதிராளியின் மனத்தைப் படிக்கும் திறன் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. மேலும் அதைத் தனியாகச் செய்ய முடியாது. பேச ஆள் வேண்டும். இந்தக் கடைசிக் காரணம்தான் மிகப் பெரியது என்பது என் எண்ணம். மட்டாஞ்சேரியில் அந்தப் பெரியவரின் மூளையை அவர் மட்டும் பராமரிக்கவில்லை. லோடுமேனும், போனில் பேசியவரும், டெல்லித் தம்பதியும், போடியிலிருந்து போன நானும் சேர்ந்து வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூ டவுனில் வளர்ந்த ஒரு பெண்ணை இங்கே நினைக்கிறேன். ரூபி டேனியல் 1912-ல் கொச்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணிபுரிந்தார். 1951-ல் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸ் குடியிருப்புக்குப் போய்விட்டார். அங்கே பேச்செல்லாம் எபிரேயம். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாட்டுகளை, எழுபது வயதையொட்டி உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற அவருடைய நினைவுநூல் 1995-ல் வந்தது, அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். கடல் கடந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த மலையாளம் அவரிடம் இருந்தது. பாட்டின் பொருளைக் கேட்டு வந்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். கேட்க ஆள் இருந்ததால் அந்த மொழி மறுபடி வேலைக்கு வந்தது.

எந்த மொழியில் கேட்கிறோம்?

இப்போது சேட் சொன்ன வாய்ப்பாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பெரியம்மா திருமணமாகி எர்ணாகுளம் போனவர். வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான். மலையாளம் சரளமாக வரும். வயதான பிறகு கொஞ்சம் தடுமாற்றம் தெரிந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நினைவாற்றல் சோதனை மலையாளத்தில் நடந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். பெரியம்மா முதல் படியிலேயே நின்றுவிட்டார். மூன்று சொற்களைச் சொல்லிப் பிறகு கேட்டபோது ஒன்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அக்கா தமிழில், "நூறு ரூபா இருக்கு பெரியம்மா, ஏழு ரூபாய்க்குக் கருவேப்பிலை வாங்கிட்டீங்க, மிச்சம்?" என்று கேட்டாள். தொண்ணூற்று மூன்று. மேலும் ஏழு? எண்பத்தாறு. நான்கு படி இறங்கி வந்துவிட்டார்.

அவருக்குத் தடுமாற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் தாளில் எழுதிய மதிப்பெண் அவருடைய மூளையின் அளவு அல்ல. பாதி அவருடைய மூளை, பாதி கேள்வியின் மொழி. கணக்கை எந்த மொழியில் கற்றோமோ பெரும்பாலும் அந்த மொழியில்தான் மனம் கூட்டிக் கழிக்கிறது. மறதிநோய் முற்றும்போது பலரும் பிற்காலத்தில் கற்ற மொழியை விட்டு முதல் மொழிக்கே திரும்பிவிடுவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். மட்டாஞ்சேரியில் ஒரு கொங்கணிப் பாட்டிக்கு, கச்சித் தாத்தாவுக்கு, தோபி கானாத் தமிழருக்கு இது நாளைய பிரச்சினை அல்ல, இன்றைய பிரச்சினை.

நம் நாட்டில் இதை யோசித்துச் செயல்பட்டவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பி.எஸ். மதுரநாத் குழுவினர், கேம்பிரிட்ஜில் உருவான ஆடன்புரூக் என்ற அறிதிறன் சோதனையை மலையாளிகளுக்குப் பொருந்தும்படி மாற்றியமைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. இந்தியாவின் அல்சைமர் சங்கம் 1992-ல் தொடங்கியதும் கேரளத்தில்தான்.

தேவை எவ்வளவு என்பதற்கும் கொச்சியிலேயே கணக்கு உண்டு. எஸ். ஷாஜி குழுவினர் கொச்சி நகரில் வீடு வீடாகப் போய் 65 வயதுக்கு மேற்பட்ட 1,934 பேரைப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 33.6 பேருக்கு மறதிநோய். அதில் பாதிக்குச் சற்று மேல் அல்சைமர். 39 சதவீதம் ரத்தக் குழாய்க் கோளாறால் வருவது. இந்தியா முழுவதற்குமான அண்மை மதிப்பீட்டின்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

ரத்தக் குழாயால் வருவது அந்த அளவு என்றால், மொழியை மட்டும் நம்பி உட்கார முடியாது. 2024-ல் 'லான்செட்' குழு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் பார்வைக் குறைவும் தனிமையும் கூட உண்டு. காது மந்தமானவர் முதலில் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பேச்சிலிருந்து ஒதுங்கியவருக்கு எத்தனை மொழி தெரிந்து என்ன பயன்?

கேட்டுக்கொள்வது

கோயம்புத்தூரில், சென்னையில், பெங்களூரில் எத்தனையோ வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் உருதும் இந்தத் தலைமுறையோடு நின்றுவிடுகின்றன. குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் தமிழுக்கே அந்தக் கதி. 4,524 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு அதிகப்படியான மேன்மையைக் காட்டவில்லைதான். ஆனால் வீட்டு மொழியைப் பறித்தால் குழந்தைக்கு லாபம் என்று நான் படித்த எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. பாட்டியோடு பேசக் குழந்தைக்கு மொழி இருந்தால், அது பாட்டியின் மூளைக்கும் வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். வீட்டில் இரண்டாவது மொழி இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள், எந்த வயதானாலும் சரி. பெரியவர்களின் ரத்தக் கொதிப்பைப் பார்ப்பதுபோலக் காதையும் பரிசோதியுங்கள், அவர்களைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவாற்றல் சோதனைக்குக் கூட்டிப் போனால், எந்த மொழியில் கேட்கப் போகிறீர்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள். பெரியவர் கணக்குப் படித்த மொழி எது என்றும் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வாங்கிவரும் மதிப்பெண்ணை முழுதாக நம்பாதீர்கள்.